தலை ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம்: முன்பல்லின் கழுத்துக் கோணம்

தச்சர் உளி வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அலகின் நுனியிலிருந்து மரப்பிடி வரைக்கும் பார்வையை ஓட்டுவார். கோட்டம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் மேல் முன்பற்களும் ஒரு வகையில் உளிகள்தாம். வாயைத் திறந்தால் தெரிகிற வெள்ளைப் பகுதி அலகு. ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளே புதைந்து கிடக்கிற வேர், பிடி. ஆனால் இந்த உளியை முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் அலகும் பிடியும் ஒரே கோட்டில்தான் இருக்கும் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். பல் மருத்துவப் பாடப் புத்தகப் படங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் வரைந்திருக்கும். நிஜப் பற்களில் பல, கழுத்தில் லேசாக மடங்கித்தான் இருக்கின்றன.

வெளியே தெரிகிற பகுதிக்குப் பல் மருத்துவத்தில் கிரவுன் என்று பெயர். நம் ஊரில் கிரவுன் என்றால் வேர் சிகிச்சை முடிந்ததும் மாட்டுகிற கேப்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே பேசுவது பல்லின் சொந்தத் தலையைப் பற்றி. குழப்பம் வேண்டாம் என்று தலை என்றே எழுதுகிறேன். தலையும் வேரும் சேருமிடம் கழுத்து. அங்கே தலையின் அச்சுக்கும் வேரின் அச்சுக்கும் நடுவில் விழுகிற கோணத்தைத்தான் 'காலம் ஆங்கிள்' என்கிறார்கள். 'காலம்' (collum) என்றால் லத்தீனில் கழுத்து. மாணவனாக முதன்முதலில் இதைக் கேட்டபோது, பல்லுக்கும் காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். என் பக்கத்தில் இருந்தவன் நோட்டில் 'நேரக் கோணம்' என்றே எழுதி வைத்திருந்தான். பின்னால் யோசித்துப் பார்த்தால், அவன் எழுதியது அப்படியொன்றும் தப்பில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். கிளிப் போடப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், முகத்தைப் பக்கவாட்டில் வைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டு காதிலும் சின்னக் குச்சி போல ஒன்றை நுழைத்து ஆளின் தலையை அசையாமல் நிறுத்தி எடுக்கிற படம். லேட்டரல் செஃபலோகிராம் என்பது முழுப் பெயர், கிளினிக்கில் செஃப். 1931ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்று இருவர் தனித்தனியாக இந்த முறையை வெளியிட்டார்கள். ஆளின் தலை ஒரே நிலையில், எக்ஸ்ரே குழாய் ஒரே தூரத்தில் என்று வைத்துக்கொண்டதால் இன்று எடுத்த படத்தை இரண்டு வருடம் கழித்து எடுத்த படத்தோடு ஒப்பிட முடிந்தது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் முடிந்துவிடுகிறது. நாங்கள் படித்தபோது எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்து, மேலே டிரேசிங் தாளை ஒட்டி, 0.3 மி.மீ. பென்சிலால் வரைய வேண்டும். மேல் நடு வெட்டுப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று புள்ளிகள் போதும். பல்லின் வெட்டு நுனி ஒன்று. வேரின் கடைசி முனை ஒன்று. மூன்றாவது கழுத்தின் நடுப்புள்ளி: எனாமல் முடிகிற இடத்தை உதட்டுப் பக்கம் ஒன்று, அண்ணத்துப் பக்கம் ஒன்று என்று குறித்து, இரண்டையும் இணைத்து அந்தக் கோட்டைப் பாதியாக்கினால் கிடைக்கும். நுனியிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு, அது தலையின் அச்சு. கழுத்திலிருந்து வேர்முனைக்கு ஒரு கோடு, அது வேரின் அச்சு. தலையின் கோட்டை ஸ்கேல் வைத்து அப்படியே மேலே நீட்டுங்கள். வேரின் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தால் பல் நேரானது. விலகிப் போனால், அந்த விலகல்தான் கழுத்துக் கோணம்.

சொல்லும்போது சுலபம். வரையும்போது வேர்முனைதான் படுத்தி எடுக்கும். இடது, வலது இரண்டு நடுப்பற்களும் படத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழும். பக்கத்துப் பற்களின் வேர்களும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். பென்சில் முனை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் கோணம் இரண்டு டிகிரி மாறிவிடும். ஒரே படத்தை ஒரே ஆள் இரண்டு வாரம் விட்டு மறுபடி அளந்து பார்க்கச் சொல்வது அதனால்தான். என் முதல் இரண்டு அளவுகளும் ஒத்துப்போனதே இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

சரி, சில டிகிரிக்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். மேல் நடு வெட்டுப்பல்லின் தலை சராசரியாக 10.5 மி.மீ. உயரம், வேர் 13 மி.மீ. நீளம். கழுத்தில் 10 டிகிரி மடங்கினால், வேர்முனை தான் இருக்கும் என்று நாம் நினைக்கிற இடத்திலிருந்து 2 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி இருக்கும். முன்பல்லின் வேரைச் சுற்றியுள்ள எலும்பு பல இடங்களில் அந்த அளவுகூடத் தடிமன் இருக்காது. உதட்டுப் பக்கத்து எலும்புத் தகடு பலருக்கு 1 மி.மீ.க்கும் குறைவு. அங்கே 2 மி.மீ. என்பது வீட்டு வாசலுக்கும் நடுத்தெருவுக்கும் உள்ள தூரம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வழக்கமான செஃப் வரைபடத்தில் கழுத்துப் புள்ளியை யாரும் குறிப்பதில்லை. நுனியையும் வேர்முனையையும் ஒரே கோட்டால் இணைத்து, 'பல்லின் சாய்வு இது' என்று எழுதிவிடுவார்கள். பல் நேராக இருந்தால் ஒன்றும் குறைவில்லை. 10 டிகிரி மடங்கிய பல்லில் அந்த ஒற்றைக் கோடு வேரின் உண்மையான சாய்விலிருந்து சுமார் 4.5 டிகிரி விலகும், தலையின் சாய்விலிருந்து சுமார் 5.5 டிகிரி விலகும். பஞ்சாயத்தில் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் போய் இருவருக்கும் பிடிக்காமல் போன தீர்ப்பு மாதிரி, அந்தக் கோடு தலையையும் சொல்லாது, வேரையும் சொல்லாது.

இனி கடி வகைகளுக்கு வருவோம். 1899இல் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர், பற்கள் கடிக்கும் விதத்தை மூன்று வகுப்பாகப் பிரித்தார். அவர் பார்த்தது முன்பல்லை இல்லை, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை. மேல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க வெளிமுகடு, கீழ்க் கடைவாய்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் முதல் வகுப்பு. கடைவாய் சரி, வரிசையில்தான் கோளாறு என்று பொருள். கீழ்ப் பல்வரிசை பின்னால் இருந்தால் இரண்டாம் வகுப்பு. முன்னால் இருந்தால் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பை மட்டும் முன்பற்களைப் பார்த்து மறுபடி இரண்டாகப் பிரித்தார். மேல் முன்பற்கள் வெளியே தூக்கிக்கொண்டு இருந்தால் முதல் பிரிவு; ஊரில் 'பல் எடுப்பா இருக்கு' என்பார்களே, அது பெரும்பாலும் இதுதான். மேல் நடுப்பற்கள் உள்ளே மடிந்து இருந்தால் இரண்டாம் பிரிவு.

இந்த இரண்டாம் வகுப்பு இரண்டாம் பிரிவுதான் நம் கதையின் நாயகன். கூட்டத்தில் இதை அடையாளம் காண்பது லேசு, ஆனால் வீட்டில் யாரும் இதைக் குறையாக நினைக்க மாட்டார்கள். பல் வெளியே நீட்டவில்லையே! ஒருமுறை பதிமூன்று வயதுப் பெண்ணை அழைத்து வந்த ஓர் அம்மா இப்படித்தான் தொடங்கினார்:

"நடுப்பல்லு ரெண்டும் நல்லா நேராத்தான் இருக்கு டாக்டர். பக்கத்துல இருக்கிற ரெண்டுதான் முன்னாடி எட்டிப் பாக்குது. அதை மட்டும் உள்ள தள்ளிவிட்டா போதும்ல?"

"இல்லம்மா. எட்டிப் பாக்கிற ரெண்டும் கிட்டத்தட்ட அதது இடத்துலதான் நிக்குது. நடுவுல இருக்கிறது ரெண்டும்தான் உள்ள மடிஞ்சிருக்கு. அதனால இது வெளிய வந்த மாதிரி தெரியுது."

அவர் நம்பவில்லை. பெண்ணைக் கடிக்கச் சொல்லிக் காட்டினேன். கீழ்ப்பற்கள் சுத்தமாக மறைந்துபோயின. மேல்பற்கள் திரை இறக்கின மாதிரி முழுதாக மூடிக்கொண்டன. சாதாரணமாக மேல் வெட்டுப்பல் கீழ் வெட்டுப்பல்லில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மூடும். இந்த வகைக் கடியில் அது ஆழமாக இறங்கும். சிலருக்குக் கீழ்ப்பல்லின் நுனி அண்ணத்து ஈறில் போய்க் குத்திப் புண்ணாக்கும் அளவுக்கு.

அந்தப் பெண்ணின் செஃப் படத்தில் நான் சொன்ன இரண்டு கோடுகளையும் போட்டபோது, வேர் ஒரு பக்கம் போனது, தலை அண்ணத்துப் பக்கமாக மடங்கிக் கீழே இறங்கியது. ஒரு பாதியைப் பார்த்தால் பல் மிகவும் உள்ளே சாய்ந்திருக்கிறது. மறு பாதியைப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. 1980களிலிருந்து வெவ்வேறு நாடுகளில் இதை அளந்து வெளியிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிற செய்தியும் இதுதான்: மற்ற கடிகளோடு ஒப்பிட்டால் இரண்டாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்காரர்களின் மேல் நடுப்பல்லில் சராசரிக் கழுத்துக் கோணம் அதிகம், மடங்குகிற திசை அண்ணத்துப் பக்கம். சராசரி என்பதை அடிக்கோடிட வேண்டும். இதே கடியோடு நேரான பல் வைத்திருப்பவர்களும் உண்டு, கடி ஒழுங்காக இருந்தும் மடங்கின பல்லோடு திரிகிறவர்களும் உண்டு. கடியைப் பார்த்து வேரைச் சொல்லிவிட முடியாது. சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

ஏன் மடங்குகிறது? இங்கேதான் அந்த 'நேரக் கோணம்' வருகிறது.

பல் ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லை. முதலில் நுனி, பிறகு தலையின் மீதிப் பகுதி, அதற்குப் பிறகு கழுத்து, கடைசியில் வேர். மேல் நடு வெட்டுப்பல்லின் தலை நாலைந்து வயதிலேயே எலும்புக்குள் முழுசாக உருவாகிவிடும். ஏழு, எட்டு வயதில் அது ஈறைக் கிழித்துக்கொண்டு வாய்க்குள் வருகிறது. அப்போது அதன் வேர் முடிந்திருக்காது. முக்கால் பங்கோ அதைவிடக் குறைவோதான் இருக்கும். வேர்முனை மூடுவதற்குச் சுமார் 10 வயது ஆகிவிடும். ஆக, இரண்டு மூன்று வருடம் பல்லின் தலை வாய்க்குள் வந்து உதடு, நாக்கு எல்லாவற்றிடமும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அதே சமயம் மறுமுனையில் வேர் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

முறுக்கு பிழிகிறவர்களுக்கு இது உடனே புரியும். குழலிலிருந்து முதலில் வந்த மாவு துணியில் படிந்துவிட்டது. குழலிலிருந்து மாவு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் துணியை யாராவது மெல்ல இழுத்தால்? வந்து படிந்த பகுதி அப்படியே நகரும், புதிதாக வருகிற பகுதி அதோடு கோணலாகச் சேரும். ஏற்கெனவே இறுகிப்போன தலையை உதடு உள்ளே சாய்க்கிறது. வேரைக் கட்டுகிற உயிரணுக்கள் எலும்புக்குள் தங்கள் இடத்திலேயே நின்றுகொண்டு பழைய திசையிலேயே வேலையைத் தொடர்கின்றன. இரண்டும் சேரும் இடத்தில் மடிப்பு விழுகிறது.

உதட்டுக்கு அவ்வளவு பலம் உண்டா என்று கேட்கலாம். பலம் தேவையில்லை, நேரம்தான் தேவை. பல்லை நகர்த்துவதில் கணக்கு எவ்வளவு அழுத்தம் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. ஆப்பிளைக் கடிக்கும்போது விழுகிற பெரும் அழுத்தம் பல்லை இடம் மாற்றுவதில்லை, ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. வாயை மூடி உட்கார்ந்திருக்கும்போது உதடு சும்மா சாய்ந்திருக்கிற சில கிராம் எடை, மணிக்கணக்கில், இரவு பகலாகச் சாய்ந்திருப்பதால் வேலை செய்கிறது.

சாதாரண முகத்தில் கீழுதட்டின் மேல்விளிம்பு மேல் முன்பல்லின் நுனிப் பகுதியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்காரர்களில் பலருக்கு அந்த உதட்டுக் கோடு மேலே ஏறியிருக்கும். பல்லின் தலையில் பாதிக்கு மேல்கூட மூடியிருக்கும். நடுப்பற்கள் உயரமானவை, முழுசாக உதட்டின் பிடியில் சிக்கிக்கொள்கின்றன. பக்கத்து வெட்டுப்பற்களின் தலை கொஞ்சம் குட்டை. உதடு அவற்றின் மேல் அவ்வளவாகப் படுவதில்லை, தப்பித்து வெளியே நிற்கின்றன. அந்த அம்மா பார்த்த 'எட்டிப் பார்க்கிற ரெண்டு' அப்படித் தப்பித்தவைதான். எனக்கு இந்தக் கடியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்: நான்கு பற்களின் நிலையை வைத்து உதடு எங்கே உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம், கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்துச் சொல்வதுபோல.

உதடு ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடவும் கூடாது. இந்தக் கடி குடும்பத்தில் வழிவழியாக வருவதைப் பார்க்கிறோம். அப்பாவுக்கு இருக்கும், மகளுக்கு இருக்கும். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இருவருக்கும் சேர்ந்தே இருக்கும். இவர்களுடைய மேல் நடுப்பல்லே முன்பின்னாகக் கொஞ்சம் மெலிந்திருப்பதாகவும், பல்லின் பின்புறம் கழுத்தருகே இருக்க வேண்டிய சிறு மேடு அமுங்கியிருப்பதாகவும் பழைய அளவீடுகள் சொல்கின்றன. பிறவியிலேயே வடிவம் வேறு என்று ஒரு கட்சி, உதடு செய்த வேலை என்று ஒரு கட்சி. உயர்ந்த உதட்டுக் கோடும் அப்பாவிடமிருந்து வந்ததுதானே என்று கேட்டால் இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறேன், வேர் வளரும் வயதும் உதடு அழுத்தும் வயதும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்.

மற்ற வகுப்புகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். முதல் வகுப்பில் நடுப்பல்லின் தலையும் வேரும் பெரும்பாலும் நேராக, அல்லது ஓரிரு டிகிரி மடிப்போடு இருக்கும். இரண்டாம் வகுப்பு முதல் பிரிவில் கீழுதடு மேல்பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு அவற்றை வெளியே தள்ளும். அப்படியானால் மடிப்பு எதிர்த்திசையில் அல்லவா விழ வேண்டும்? அவ்வளவு தெளிவாக அப்படி விழுவதில்லை. சராசரி முதல் வகுப்பை ஒட்டியோ கொஞ்சம் குறைந்தோதான் வருகிறது. பல் முழுசாகவே சாய்ந்துவிடுகிறது, கழுத்தில் மடங்குவதில்லை. மூன்றாம் வகுப்பில் கீழ்த்தாடை முன்னால் நிற்கும். அதை ஈடுகட்ட மேல்பற்கள் வெளியேயும் கீழ்ப்பற்கள் உள்ளேயும் சாய்ந்துகொள்ளும். இங்கே மேல் பல்லின் கழுத்துக் கோணத்தைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எந்த ஊர் மக்களை அளந்தார்கள், கழுத்துப் புள்ளியை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பேசுவது சில டிகிரி அளவிலான மென்மையான மடிப்பு. பால்பல் வயதில் குழந்தை குப்புற விழுந்து, பால்பல் எலும்புக்குள் இறங்கி, கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லை இடித்துவிட்டால், அந்தப் பல் கைத்தடிக் கொக்கி மாதிரி முறுக்கிக்கொண்டு வளரும். சில சமயம் வெளியே வராமலே நின்றுவிடும். அதற்கு டைலாசரேஷன் என்று பெயர். இரண்டும் தலையும் வேரும் ஒத்துப்போகாத கதைதான் என்றாலும், ஒன்று ஒரே நாளில் நடந்த விபத்து, மற்றது வருடக்கணக்கில் நடந்த நெருக்கல்.

இனி கம்பி போடுகிறவருக்கு இது ஏன் தலைவலி என்று பார்ப்போம். கம்பியைப் பிடிப்பதற்காகப் பல்லில் ஒட்டுகிற இன்றைய பிராக்கெட் ஒவ்வொன்றிலும் பல் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே செதுக்கப்பட்டிருக்கிறது. இதன் தொடக்கம் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ். சிகிச்சையே தேவைப்படாத 120 பேரின் நல்ல பல்வரிசைகளைப் பிளாஸ்டர் அச்சாக எடுத்து அளந்து, நல்ல கடிக்கு ஆறு இலக்கணங்கள் என்று 1972இல் வெளியிட்டார். அந்த அளவுகளைப் பிராக்கெட்டின் பள்ளத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். மேல் நடுப்பல்லுக்கு அவர் வைத்த டார்க், அதாவது முறுக்கு விசை (பிழிகிற முறுக்கு இல்லை), 7 டிகிரி. பின்னால் வந்த ராத் முறையில் அது 12 ஆனது, எம்பிடி முறையில் 17. சதுரமூலைக் கம்பி அந்தப் பள்ளத்தில் உட்காரும்போது பல்லைத் திருகி அந்தக் கோணத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

கவனித்தீர்களா? அளந்தது பிளாஸ்டர் அச்சில். பிளாஸ்டர் அச்சில் வேர் கிடையாது. ஆண்ட்ரூஸ் அளந்ததும் தலையைத்தான், பிராக்கெட் ஒட்டுவதும் தலையில்தான், கம்பி பிடிப்பதும் தலையைத்தான். தலை சொன்ன இடத்துக்கு வந்துவிட்டால் வேர் தானாகப் பின்னால் வரும் என்பது எல்லோரும் பேசாமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். நேரான பல் ஒப்பந்தத்தைக் காப்பாற்றும். மடங்கின பல் காப்பாற்றாது. தலை அண்ணத்துப் பக்கம் மடங்கிய பல்லில், தலையை 17 டிகிரிக்கு நிமிர்த்தும்போது வேர்முனை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக அண்ணத்துப் பக்கம் போகும். அங்கே கெட்டியான எலும்புச் சுவர் இருக்கிறது. வேர்முனை அதில் முட்டினால் பல் மேற்கொண்டு நகராது. இல்லையென்றால் வேர்முனை கரையத் தொடங்கும். வேர் கரைவது கம்பி சிகிச்சையில் லேசாகப் பலருக்கும் நடப்பதுதான், ஆனால் கெட்டி எலும்பில் முட்ட வைப்பது அதை நாமே அழைத்து உட்கார வைப்பது மாதிரி.

அப்படியானால் நிமிர்த்தாமல் விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. ஆழமாக மூடிய கடியைத் திறந்து வைத்தால் அது திறந்தபடி நிற்க ஒரு தாங்கல் வேண்டும். கீழ்ப்பல்லின் நுனி மேல் பல்லின் பின்புறத்தில் போய் நின்று, 'இதற்கு மேல் ஏறாதே' என்று தடுக்கப்பட வேண்டும். மேல் பல் செங்குத்தாக நின்றால், அதோடு அந்தப் பின்மேடும் அமுங்கியிருந்தால், தடுக்க ஒன்றும் இல்லை. கீழ்ப்பல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். கம்பியைக் கழற்றின ஒன்றிரண்டு வருடத்தில் கடி மறுபடி ஆழமாகிவிட்டது என்று திரும்பி வருகிறவர்களில் இந்த வகையினர் கணிசம். ஆக, மேல் பல்லை வேர் அனுமதிக்கிற அளவுக்கு மட்டும் நிமிர்த்த வேண்டும், மீதியைக் கீழ்ப்பற்களைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து சரிக்கட்ட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. பதில் தலையில் இல்லை.

கம்பி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அலைனர் (பல்லின் மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்க்குள் விடுகிற ஸ்கேனர் பார்ப்பது தலையை மட்டும்தான். திரையில் அழகாக அசைகிற படத்தில் வேர்களும் தெரிந்தால், சிபிசிடி போன்ற முப்பரிமாண எக்ஸ்ரேயைச் சேர்க்காதவரை, அவை மென்பொருள் தன் கையிருப்பிலிருந்து எடுத்து ஒட்டியவை. சராசரி வேர்கள், உங்கள் வேர் இல்லை. சிபிசிடியில் மடிப்பு துல்லியமாகத் தெரியும்தான். ஆனால் கதிர்வீச்சு கூடுதல் என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கச் சொல்ல மாட்டோம். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும்.

கம்பிக்காரர்களோடு இது முடிவதில்லை. வேர் சிகிச்சைக்குத் துளை போடுகிறவர் தலை காட்டுகிற திசையிலேயே டிரில்லை இறக்கினால், மடங்கின பல்லில் வேர்க்கால்வாயைத் தவறவிட்டுப் பக்கச் சுவரைத் துளைத்துவிடலாம். விழுந்த பல்லின் இடத்தில் இம்ப்ளான்ட் என்கிற செயற்கை வேர் வைப்பவரும் பழைய தலையின் திசையை நம்பினால் எலும்புக்கு வெளியே எட்டிப் பார்க்க நேரிடும்.

அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். நடுப்பற்கள் வெளியே வந்ததும் பக்கத்துப் பற்கள் தாமாக வரிசையில் அடங்கிவிட்டன. அம்மாவுக்கு அப்போதுதான் என் மேல் நம்பிக்கை வந்தது. சதுரக் கம்பி மாட்டி ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி ஒரு செஃப் எடுத்தோம். தலை இன்னும் நான்கைந்து டிகிரி நிமிர்ந்தால் பாடப் புத்தகத்தில் போடலாம். ஆனால் வேர்முனைக்கும் அண்ணத்துச் சுவருக்கும் இடையே ஒரு பென்சில் கோட்டின் தடிமன்தான் மிச்சம். நிறுத்திவிட்டேன்.

"இன்னும் ஒரு ரெண்டு மாசம் இழுத்தா இன்னும் நல்லா வரும்ல டாக்டர்? உங்களுக்கு அவசரமா?"

முதல் நாள் வரைந்த தாளையும் புதிய தாளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இது பல்லு, இது வேர், ரெண்டும் எங்க மடங்குது பாருங்க, இங்க இருக்கிறது எலும்பு. இந்த மடிப்பு எப்போது விழுந்தது என்று கேட்டார். எட்டு, ஒன்பது வயசுல, உதடு மேல ஏறி உட்கார்ந்ததுல என்றேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்த சின்னவனைக் கூப்பிட்டு, ஆள்காட்டி விரலால் அவன் கீழுதட்டை மெல்ல இறக்கிப் பார்த்தார்.